கை அங்கே ஏன் போகிறது?

பின் கிளட்ச் வைத்த பவர் பிரஸ்ஸில் பெடலை ஒருமுறை மிதித்துவிட்டால், அந்த அடியை நடுவில் நிறுத்த யாராலும் முடியாது. மோட்டார் ஸ்விட்சை அணைத்தாலும் நிற்காது. பக்கவாட்டில் சுழன்றுகொண்டிருக்கும் கனத்த ஃப்ளைவீலையும் கிராங்க் தண்டையும் ஒரு சின்ன எஃகுப் பின் கோத்துவிடுகிறது. ஒரு முழுச் சுற்று முடிந்து, தகட்டை அடிக்க இறங்கும் ராம் மறுபடி மேலே வந்த பிறகுதான் அது கழன்றுகொள்ளும். நிமிடத்துக்கு 60 சுற்று ஓடும் பிரஸ் என்றால் அந்தச் சுற்றுக்கு ஒரு வினாடி, ராம் கீழே இறங்க அதில் பாதி. விரல் இன்னும் உள்ளே இருக்கிறது என்று மூளைக்கு எட்டும்போது ராம் திரும்ப மேலே ஏறிக்கொண்டிருக்கும்.

கோயம்புத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்துப் பட்டறைகளுக்கு, பிரஸ்ஸில் தகட்டை வெட்டி வளைக்கும் அச்சான டை செய்து கொடுப்பது என் தொழில். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு டூல் ரூமில் சேர்ந்து கற்றுக்கொண்டது. இந்த ஊர் பம்பு செட்டுக்கும் மோட்டாருக்கும் வெட் கிரைண்டருக்கும் பேர் போனது. அவற்றுக்குள் இருக்கும் தகட்டுச் சாமான்களில் பெரும்பகுதி ஏதோ ஒரு சந்துப் பட்டறையில், ஏதோ ஒரு பிரஸ்ஸில், ஒருவர் கையால் வைத்து எடுத்து அடித்ததுதான். சில வருடங்களாக நான் டையை இறக்கிவைத்துவிட்டு உடனே கிளம்புவதில்லை. அந்த டை ஓடப்போகிற இடத்தில் நின்று, யார் ஓட்டுகிறார்கள், கை எங்கே போகிறது, என்னென்ன நடக்கலாம் என்று பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன். பெரிய கம்பெனிகளில் இதற்கு ரிஸ்க் அசெஸ்மென்ட் என்று பெயர். அங்கே அதற்கென்று ஆள் உண்டு, ஃபைல் உண்டு, ஐ.எஸ்.ஓ. 45001 சான்றிதழும் சுவரில் தொங்கும். எட்டுப் பேர், பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைகளில் சுவரில் இருப்பது ஒரு போர்டு மட்டும்: "கவனமாக வேலை செய்."

அந்த போர்டின் மேல் எனக்கு ஆத்திரம் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு வினாடிக்கு ஒரு பீஸ் என்பது நிதானமான வேகம்தான். மணிக்கு 900, எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு 7,200. மாதத்தில் 25 நாள் என்றால் 1,80,000 தடவை அந்தக் கை டைக்குள் போய் வெளியே வருகிறது. கால் மிதிப்பதும் கை விலகுவதும் அத்தனை தடவையும் அதே வரிசையில் நடந்தாக வேண்டும். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல், ராத்திரி ஓ.டி., பக்கத்தில் யாரோ கூப்பிட்டார்கள், தரையில் சிந்திய எண்ணெயில் செருப்பு வழுக்கியது. ஒரே ஒரு தடவை வரிசை மாறினால் போதும். அதன் பிறகு மேஸ்திரியும் முதலாளியும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "பையன் கவனமில்லாம இருந்துட்டானுங்க" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். மனிதக் கவனம் ஒரு நாளைக்கு 7,200 தடவை பிசகாமல் ஓடக்கூடிய சாதனம் இல்லை. அதை நம்பி வேலையை அமைத்தவர்கள் நாம். குறை அமைப்பில் இருக்கும்போது அடிபட்டவன் தலையில் பழியைப் போடுவது நியாயமே இல்லை.

விரல் போனால் சட்டம் என்ன கொடுக்கிறது என்று பலருக்கும் தெரியாது. தொழிலாளர் இழப்பீட்டுக்காக 1923இல் வந்த சட்டத்தின் முதல் அட்டவணை, சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனது என்று விரல் விரலாக வகுத்தது. கட்டைவிரல் போனால் 30. ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14, அதன் நுனிக் கணு மட்டும் என்றால் 9. நடுவிரலுக்கு 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ என்றால் 7. ஒரு கையின் நான்கு விரலும் போனால் 50. ஆள்காட்டி விரல் இல்லாதவனிடம் 86 சதவீதத் திறன் மிச்சம் இருப்பதாக இந்தக் கணக்கு சொல்கிறது. அவன் வேறு பட்டறைக்கு வேலை கேட்டுப் போகும்போது முதலாளியின் கண் முதலில் கையைத்தான் பார்க்கும். மைக்ரோமீட்டரைப் பிடிக்க முடியாது, சட்டைப் பொத்தான் போடவே சிரமம். அப்புறம் அவன் வாட்ச்மேன் வேலைக்குப் போவான். டையில் கோடு போடக் கற்றுக்கொண்டிருந்த பையன் ஒருவன் இப்படிக் கேட் அருகே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வண்டியை நிறுத்திப் பேசிவிட்டுத்தான் போவேன்.

அதனால் ஒரு பட்டறைக்குள் நுழைந்ததும் நான் மிஷின்களை எண்ணுவதில்லை, வேலைகளை எண்ணுகிறேன். ஒரு பிரஸ்ஸைச் சுற்றி ஐந்தாறு வேலைகள் உண்டு. பீஸ் வைத்து அடிப்பது ஒன்று. டை ஏற்றி இறக்குவது இன்னொன்று. மாட்டிக்கொண்ட ஸ்க்ராப்பைக் குத்தி எடுப்பது, எண்ணெய் விடுவது, கீழே விழுந்ததைக் கூட்டுவது, கிளட்சைக் கழற்றிப் பார்ப்பது. ஒவ்வொன்றையும் யார் செய்கிறார்கள் என்று கேட்பேன். டை ஏற்றும்போது ராம் தானாக இறங்காமல் அடியில் ஒரு முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும். பல இடங்களில் அப்படி ஒரு கட்டையே இருக்காது. மோட்டாரை அணைத்த பிறகும் ஃப்ளைவீல் நல்ல நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் யாராவது தெரியாமல் பெடலில் கால் வைத்தால் ஒரு அடி முழுசாக விழும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கையை விட்டவர்கள் இப்படித்தான் மாட்டுகிறார்கள். ஸ்க்ராப் எடுக்கும்போதும் இதே கதைதான். தினமும் நடக்கும் வேலையை விட, எப்போதாவது அவசரமாகச் செய்யும் வேலையில்தான் எனக்கு பயம் அதிகம்.

புத்தகத்தில் இருக்கும் முறைப்படி, ஆபத்து நடக்கும் வாய்ப்புக்கு ஒன்று முதல் ஐந்து வரை ஒரு எண், நடந்தால் விளையும் கேட்டுக்கு இன்னொரு எண், இரண்டையும் பெருக்க வேண்டும். எதை முதலில் சரிசெய்வது என்று வரிசைப்படுத்த அந்த எண் உதவும். அதற்கு மேல் அதை நம்பக் கூடாது என்பது என் முடிவு. "பத்து வருசமா இந்த பிரஸ்ஸுல ஒண்ணும் ஆனதில்லீங்க, வாய்ப்புக்கு ஒண்ணு போடுங்க" என்பார் முதலாளி. பத்து வருடம் ஒன்றும் ஆகாததற்குக் காரணம் அங்கே ஓட்டிய பெரியவரின் கைப்பழக்கம். போன மாதம் அவர் நின்றுவிட்டார். இப்போது உட்கார்ந்திருப்பது ஒடிசாவிலிருந்து வந்து மூன்று வாரமான பையன். எண் எப்படி அதே ஒன்றாக இருக்கும்?

ஒரு பட்டறையில் மோட்டார் அடியில் வரும் சின்ன பிராக்கெட் ஒன்றை வளைத்துக்கொண்டிருந்தார்கள். 30 டன் பிரஸ். ஓட்டியவர் நாற்பது வயது அம்மா ஒருவர். இடது கையால் பீஸை டைக்குள் வைக்கிறார், மிதிக்கிறார், வலது கையால் எடுத்துப் போடுகிறார். நான் நோட்டை எடுத்ததும் முதலாளி வந்துவிட்டார்.

"ஏனுங்க, நம்மகிட்ட இருக்கறதே பத்துப் பேருங்க. இதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானுங்களே?"

"பெரிய கம்பெனில இந்த பிரஸ்ஸை எப்பவோ தூக்கிட்டாங்கங்க. அதான் ஜாப் உங்ககிட்ட வருது."

அவர் சிரிக்கவில்லை, நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அந்த அம்மாவிடம் கேட்டேன், இதில் உங்களுக்கு எது பயமாக இருக்கிறது என்று. அவர் உடனே சொன்னார்: "வைக்கறது பயமில்லீங்ணா. எடுக்கறப்பத்தான். எண்ணெயில பீஸ் மேல பஞ்ச்சோட ஒட்டிக்குது. நகத்தால நெம்பி எடுக்கோணும். அப்பக் கால் பெடல்லயே இருக்குதுங்ணா." நான் அரை மணி நேரம் நின்று பார்த்தும் கண்ணில் படாத விஷயம். ஓட்டுகிறவரைக் கேட்காமல் எழுதிய அசெஸ்மென்ட் எதுவாக இருந்தாலும் அதை நான் பாதிக் காகிதம் என்றே சொல்வேன்.

இங்கே என்ன செய்யலாம்? கேள்வியை இப்படித்தான் வைக்க வேண்டும்: கை அங்கே போகாமலே இந்த வேலை நடக்குமா? முதல் வழி, புரோகிரசிவ் டை. தகட்டுச் சுருளை ஒரு பக்கம் விட்டால் ஓட்டை போடுவது, வெட்டுவது, வளைப்பது எல்லாம் ஒரே டைக்குள் வரிசையாக முடிந்து பீஸ் மறுபக்கம் விழும். கைக்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் விலை கூட, மாதம் லட்சக்கணக்கில் ஓடும் ஜாப்புக்குத்தான் கட்டும். அடுத்தது ஸ்லைடு வைத்த டை. கீழ் டையை இழுப்பறை மாதிரி வெளியே இழுத்து, பீஸை வைத்து, உள்ளே தள்ள வேண்டும். முழுதாக உள்ளே போய்ச் சேர்ந்தால் மட்டுமே பெடல் வேலை செய்யும்படி ஒரு தாழ் வைத்துவிடலாம். பெரிய செலவில்லை. ஒட்டிக்கொள்ளும் பிரச்சினைக்குப் பஞ்ச்சில் ஒரு ஸ்ப்ரிங் பின்னும், பீஸை ஊதித் தள்ள ஒரு காற்றுக் குழாயும் போதும். கம்ப்ரசர் அந்தப் பட்டறையிலேயே இருந்தது.

எல்லா ஜாப்புக்கும் ஸ்லைடு பொருந்தாது. அப்போது டையைச் சுற்றி அசையாத தடுப்பு ஒன்றைப் போல்ட் போட்டு மாட்டி, பீஸ் நுழைய மட்டும் சந்து விட வேண்டும். தட்டையான பீஸ் என்றால் ராம் ஏறி இறங்கும் உயரத்தையே 6 மில்லிமீட்டருக்குள் குறைத்துவிடலாம், விரல் நுழைய இடமிருக்காது. இது எதுவுமே முடியாது என்கிற இடத்தில் காந்தக் கோலோ இடுக்கியோ கொடுத்துக் கையைத் தூர நிறுத்த வேண்டும். கையுறை கடைசி. தகட்டின் கூர்மையிலிருந்து அது காப்பாற்றும், 30 டன்னிலிருந்து காப்பாற்றாது. டிரில்லிங் மிஷினில் கையுறை போடுவது நேர் ஆபத்து. சுழலும் பிட் துணியைப் பிடித்துக் கையையும் சேர்த்து இழுத்துவிடும். ஆனால் பாதுகாப்பு என்றதும் பல இடங்களில் முதலில் வாங்குவது கையுறையும் தலைக்கவசமும்தான். வாங்கிப் படம் எடுத்து வைத்துக்கொள்ள அதுதான் சுலபம்.

சில நேரம் பணம் செலவழித்தும் வீணாகிறது. ஒரு முதலாளி பெருமையோடு கூப்பிட்டுக் காட்டினார். பிரஸ் முன்னால் சென்சார் கம்பங்கள் இரண்டு, நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை. கை குறுக்கே போனால் மிஷின் நின்றுவிடும் என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். அது பின் கிளட்ச் பிரஸ். முதலில் சொன்னேனே, நடு அடியில் நிற்கவே தெரியாத மிஷின். சென்சார் 'நில்' என்று சொன்னால் கேட்பதற்கு அதில் உறுப்பே இல்லை. ஒளித்திரை வேண்டுமென்றால் காற்றில் இயங்கும் ஃப்ரிக்‌ஷன் கிளட்சும் நல்ல பிரேக்கும் உள்ள பிரஸ் வேண்டும். அதிலும் தூரக் கணக்கு இருக்கிறது. கை வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நீளும் என்று வைத்துக்கொண்டால், ராம் நிற்க 0.2 வினாடி எடுக்கும் மிஷினில் திரை டையிலிருந்து குறைந்தது 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கிட்டே வைத்தால் கை ஜெயித்துவிடும், அதாவது தோற்றுவிடும். அந்த முதலாளி நல்ல மனதோடுதான் வாங்கினார். எந்த மிஷினுக்கு எது பொருந்தும் என்று சொல்லாமல் விற்றவர் மேல்தான் எனக்குக் கோபம்.

இன்னொன்று, இரட்டை அடி. கிளட்ச் பின்னோ அதன் ஸ்ப்ரிங்கோ தேய்ந்துபோனால், ஒருமுறை மிதித்ததற்கு ராம் இரண்டு முறை இறங்கும். முதல் அடி முடிந்தது என்று கையை விட்டவருக்கு இரண்டாவது அடி. இங்கே கவனத்துக்கு எந்தப் பொருளும் இல்லை, மிஷினே பொய் சொல்லிவிட்டது. தினமும் காலையில் பீஸ் இல்லாமல் சில அடி ஓட்டிப் பார்த்து, ராம் உச்சியில் சரியாக நிற்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. பிரிட்டனில் பவர் பிரஸ்ஸுக்கென்றே 1965இல் தனி விதிகள் போட்டார்கள். டை ஏற்றிய பிறகும், ஒவ்வொரு ஷிஃப்டிலும் முதல் 4 மணி நேரத்துக்குள்ளும் பயிற்சி பெற்ற ஒருவர் தடுப்புகளைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அமெரிக்காவில் 1971இல் இன்னும் ஒரு படி மேலே போய், டைக்குள் கை போகவே கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். எல்லா வேலைக்கும் அது சாத்தியமில்லை என்று தொழில் தரப்பு சொல்ல, 1974இல் எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். எல்லா வேலைக்கும் முடியாது என்பது உண்மை. முடிகிற வேலைகளிலும் முயலாமல் விடுவதற்கு அதே வாக்கியம் இங்கே இன்றும் பயன்படுகிறது.

தடுப்பு இருந்தும் அதைக் கழற்றிவைப்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் ராம் இறங்கும் என்று ஒரு ஏற்பாடு உண்டு, நல்ல ஏற்பாடு. ஒரு பட்டனைப் பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிவிட்டு ஒரு கையால் ஓட்டுவதை நிறைய இடங்களில் பார்க்கலாம். உடனே திட்டுவதில் பயனில்லை. ஒரு தம்பியிடம் ஏன் என்று கேட்டேன். "பீஸ் ரேட்டுங்ணா. ரெண்டு கையில அமுக்குனா நாளைக்கு நூறு ரூவா போயிருது" என்றான். இன்னொரு இடத்தில் பட்டன் தோளுக்கு மேலே இருந்தது. சாயங்காலம் கையைத் தூக்கவே முடியாத வலி. முதல் இடத்தில் மாற்ற வேண்டியது கூலிக் கணக்கை, இரண்டாவதில் பட்டன் இருக்கும் உயரத்தை. இந்த இரண்டையும் தொடாமல் டியூபை மட்டும் அறுத்துப் போட்டால் மறுநாள் வேறு டியூப் வந்துவிடும்.

தப்பித்த சம்பவங்களை எழுதிவைக்க ஒரு நோட்டு போடச் சொல்கிறேன். விரல் நுனியை உரசிக்கொண்டு போன அடி, கழன்று விழுந்த போல்ட், தானாக இறங்கிய ராம். எழுதியவனைத் திட்டினால் அடுத்த நாளிலிருந்து அந்த நோட்டு காலியாகத்தான் இருக்கும். வெளி மாநிலத்துப் பையன்களுக்கு இந்தியில் எழுதி வைத்தாலும் போதாது, பலருக்கு அது தாய்மொழியும் இல்லை. மிஷினை நிறுத்தி, கையைப் பிடித்து, அவனையே செய்ய வைத்துக் காட்ட வேண்டும். பிரஸ் ஷாப்பின் சத்தம் மெதுவாகக் காதைத் தின்னும். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது நம் விதிகள் வைத்த மேல்வரம்பு. இரண்டடி தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடத்தை அளந்தாக வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆவது பிரிவே அபாயமான பாகங்களுக்கு உறுதியான தடுப்பு வேண்டும் என்றது. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு 1987இல் செய்த திருத்தம், தொழிலாளரின் பாதுகாப்பை உறுதி செய்வது நடத்துபவரின் பொதுக் கடமை என்று எழுதிச் சேர்த்தது, தன் பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டுப் பெறத் தொழிலாளருக்கு உரிமையும் கொடுத்தது. அந்தச் சட்டத்தில் மின்விசையோடு 10 பேர் இருந்தாலே அது தொழிற்சாலை என்று இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய சட்டத்தொகுப்பு அந்த எண்ணை 20 ஆக்கியிருக்கிறது. 10 பேர் உள்ள நிறுவனங்களுக்கும் பொதுக் கடமைகள் பொருந்தும் என்றாலும், பிரஸ் இருக்கும் இடத்தில் தலை எண்ணிக்கையை உயர்த்தியதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆள் குறைந்த பட்டறையில்தான் பழைய பிரஸ் இருக்கிறது.

இத்தனையும் மீறி விரல் துண்டானால், துண்டைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். நேராக ஐஸில் போட்டால் திசு கெட்டுவிடும். துண்டான கையை மறுபடி இணைக்கும் அறுவைக்குப் பெயர் பெற்ற கங்கா மருத்துவமனை இந்த ஊரிலேயே இருக்கிறது. ஆனால் கூரான கத்தியில் வெட்டுப்பட்ட விரலுக்கு இருக்கும் வாய்ப்பு, டைக்கு நடுவில் நசுங்கிய விரலுக்குப் பெரும்பாலும் இல்லை. அதனால்தான் இந்த விஷயத்தில் மருத்துவத்தை நம்பித் திட்டம் போட முடியாது.

அந்த பிராக்கெட் பட்டறையில் ஸ்லைடு போட்டாயிற்று. வேகம் குறையும் என்று முதலாளி பயந்தார். முதல் சில நாள் குறைந்தது. பழகிய பிறகு பழைய கணக்குக்கே வந்துவிட்டது, பஞ்ச்சில் ஒட்டிய பீஸை நெம்பும் நேரம் மிச்சமானதே காரணம். இப்போது என்னிடம் டைக்கு விலை கேட்டு வருகிறவர்களுக்கு, டிராயிங் போடும்போதே ஸ்லைடையோ தடுப்பையோ சேர்த்துப் போட்டுக் காட்டுகிறேன். முன்பெல்லாம் கொட்டேஷனில் அதைத் தனி வரியாக எழுதுவேன், பேரம் பேசும்போது முதலில் அடிபடுவது அந்த வரிதான். இப்போது தனி வரி கிடையாது. டை என்றால் அதையும் சேர்த்து ஒரே விலை. தடுப்பைக் கழித்துவிட்டு விலை சொல்லுங்கள் என்று கேட்கிறவர்களுக்கு டை செய்து கொடுப்பதை நிறுத்திவிட்டேன்.